குதிரையும் தேரும்: மண் காத்த சான்றுகள்

பண்டை வரலாற்றைக் கூறும் நூல்கள் பலவற்றில், குதிரையைப் பழக்கியது, சக்கரத்தைக் கண்டது, தேரை ஓட்டியது ஆகிய மூன்றும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று கூறுகள் போல அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. உண்மையில் இவை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளை ஒட்டி நிகழ்ந்தவை. சக்கரம் தோன்றி ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் கழிந்த பின்னரே குதிரை பூட்டிய தேர் தோன்றிற்று. குதிரையை மனிதன் வேட்டையாடி உண்ணத் தொடங்கியதற்கும், அதனை நுகத்தடியில் பூட்டியதற்கும் இடைப்பட்ட காலமோ அதனினும் மிக நெடியது.

இவ்வரலாற்றின் தொடக்கப் பகுதிக்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. எலும்பு, பல், பானை ஓட்டில் ஊறிய கொழுப்பு, மக்கிய மரம் மண்ணில் விட்டுச் சென்ற கறை ஆகியவையே சான்றுகள். இவை எளிதில் அழியக்கூடியவை. தவறாகப் படிக்கப்படவும் கூடியவை. கடந்த 60 ஆண்டுகளில் இத்துறையில் வெளியான முடிவுகள் சில பின்னர்த் திருத்தப்பட்டுள்ளன. அத்திருத்தங்கள் எவ்வாறு நேர்ந்தன என்பதை அறிதல், களப்பணி புரிவோர்க்கும் வகுப்பில் வரலாறு கற்பிப்போர்க்கும் பயன் தருவதாகும்.

பழகிய விலங்குகளுள் பின்வந்தது

செம்மறி ஆடு, வெள்ளாடு, மாடு ஆகியவை மேற்கு ஆசியாவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதனது காவலுக்குள் வந்துவிட்டன. குதிரை அவற்றிற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிற்பட்டே வந்தது. பனியூழிக் காலத்தில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் குதிரை வேட்டை விலங்காகவே இருந்தது. பனியூழி முடிந்து தட்பவெப்பம் மாறியபோது ஐரோப்பாவின் பெரும்பகுதியைக் காடுகள் மூடின. திறந்த நிலத்தில் வாழும் குதிரை அங்கெல்லாம் அருகியது. கருங்கடலுக்கு வடக்கிலிருந்து கஜக்ஸ்தான் வழியாக மங்கோலியா வரை பரந்து கிடக்கும் ஸ்டெப்பி என்னும் புல்வெளிகளில் அது பெருந்தொகையாக நிலைத்தது.

அப்புல்வெளிகளில் குளிர்காலம் கடுமையானது. பனி மூடிய நிலத்தில் மாடு தன் மூக்கினாலேயே பனியை விலக்க முயலும்; பனி இறுகிவிட்டால் அதனால் மேய இயலாது. குதிரையோ குளம்பினால் பனியைக் கீறி அடியிலுள்ள புல்லை மேயும். எனவே, தீவனம் சேர்த்து வையாத மக்களுக்குக் குளிர்கால உணவாகக் குதிரை மிகவும் ஏற்றது. குதிரையை முதலில் வளர்த்தவர்கள் அதன் வேகத்தை நாடியன்றி, இறைச்சியை நாடியே வளர்த்திருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால், ஓரிடத்தில் கிடைத்த குதிரை எலும்பு வளர்த்த குதிரையினுடையதா, வேட்டையாடிய குதிரையினுடையதா என்று துணிவது எளிதன்று. ஆடு மாடுகள் பழகிய பின்னர் அவற்றின் உடல் அளவும் கொம்பின் வடிவமும் மாறுகின்றன. குதிரையின் எலும்புக் கூட்டில் அத்தகைய தெளிவான மாறுதல் தென்படுவதில்லை. ஆகவே, ஆராய்ச்சியாளர் மறைமுகமான அடையாளங்களையே நாட வேண்டியுள்ளது. கொல்லப்பட்ட குதிரைகளின் வயது, பற்களின் தேய்மானம், பானையில் ஒட்டிய பாற்கொழுப்பு ஆகியன அவற்றுட் சில.

போட்டாய்க் குடியிருப்பு

கஜக்ஸ்தானின் வடபகுதியில் போட்டாய் என்னும் இடத்தில் 1980-ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடைபெற்றது. கி. மு. 3500-ஐ ஒட்டிய காலத்தில் அங்கு மக்கள் நிலத்தைக் குடைந்து வீடுகள் அமைத்து வாழ்ந்தனர். அங்குக் கிடைத்த எலும்புத் துண்டுகள் ஏறத்தாழ மூன்று இலட்சம். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குதிரையின் எலும்புகளே. 2009-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, அம்மக்கள் குதிரையைப் பழக்கியவர்கள் என்று முடிவு கூறியது. பற்களில் கடிவாளத் தேய்மானம் காணப்பட்டதும், பானை ஓடுகளில் குதிரைப் பாலின் கொழுப்பு கண்டறியப்பட்டதும் அம்முடிவுக்கு ஆதாரங்களாகக் காட்டப்பட்டன.

2018-ஆம் ஆண்டில் போட்டாய்க் குதிரைகளின் எலும்பிலிருந்து மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டு ஆராயப்பட்டன. அதன் முடிவு பலரும் எதிர்பாராதது. இன்று உலகெங்கும் உள்ள வளர்ப்புக் குதிரைகள் போட்டாய்க் குதிரைகளின் வழி வந்தவை அல்ல. மங்கோலியாவில் வாழும் பிரிஜெவால்ஸ்கிக் குதிரையே அவற்றின் வழித்தோன்றல். இக்குதிரைக்கு 66 நிறக்கோல்கள் உண்டு. வளர்ப்புக் குதிரைக்கு 64. என்றுமே மனிதனால் பழக்கப்படாத காட்டுக்குதிரை என்று அதுவரை கருதப்பட்டு வந்த இனம், போட்டாயில் வளர்க்கப்பட்டு மீண்டும் காட்டுநிலைக்குத் திரும்பியதாக இருக்கலாம் என்ற கருத்து அப்போது எழுந்தது. 2021-இல் வேறு ஆராய்ச்சியாளர்கள், போட்டாய்ப் பற்களிற் கண்ட தேய்மானம் கடிவாளம் இன்றி இயற்கையாகவும் உண்டாகக்கூடியதே என்று எடுத்துக்காட்டினர். போட்டாய் மக்கள் குதிரை வளர்த்தவரா, திறமை மிக்க வேட்டுவரா என்ற வாதம் இதனால் மீண்டும் தொடங்கிற்று.

தெரெய்வ்காவின் குதிரைத் தலை

கடிவாளத் தேய்மானம் என்னும் சான்றினைச் சிறிது விளக்குதல் தகும். குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் வாய்த்தண்டு அவ்விடைவெளியில் ஈறின்மேல் தங்குகிறது. குதிரை சில வேளைகளில் அதனை நாவால் பின்னுக்குத் தள்ளிக் கடைவாய்ப் பற்களால் கவ்விக்கொள்ளும். அவ்வாறு கவ்வும்போது கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப் பல் சாய்வாகத் தேய்கிறது. இத்தேய்மானத்தை அளந்து, குதிரை கடிவாளம் பூண்டதா என்பதை அறியலாம் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்களாகிய டேவிட் ஆந்தனி, டார்க்கஸ் பிரவுன் ஆகிய இருவரும் காட்டினர்.

உக்ரேனில் நீப்பர் ஆற்றங்கரையிலுள்ள தெரெய்வ்கா என்னும் இடத்தில் 1960-களில் அகழாய்வு செய்தபோது ஓர் ஆண் குதிரையின் தலை கிடைத்திருந்தது. சுற்றியிருந்த குடியிருப்பு 6,000 ஆண்டுகட்கு முற்பட்டது என்று மதிக்கப்பட்டதால், அத்தலையும் அக்காலத்ததே எனக் கொள்ளப்பட்டது. அதன் பற்களில் கடிவாளத் தேய்மானம் இருந்தது. இதனைக் கொண்டு, உலகின் மிகப் பழைய சவாரிக் குதிரை இதுவே என்று 1991-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

பின்னர் அவ்வெலும்பையே ரேடியோ கார்பன் முறையில் சோதித்தபோது, அது கி. மு. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அஃதாவது, கணித்த காலத்திற்கு 3,000 ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டது! இரும்புக் கால மக்கள் பழைய குடியிருப்பின் மேல் குழி தோண்டி அத்தலையைப் புதைத்திருந்தனர். மேலடுக்கிலிருந்து இறங்கிய குழியின் விளிம்பு தோண்டும்போது இனம் காணப்படவில்லை. ஆந்தனியும் பிரவுனும் 2000-ஆம் ஆண்டு தாமே இத்திருத்தத்தை வெளியிட்டனர். பல்லின் தேய்மானம் உண்மையானது, அளவீடும் பிழையன்று. அது கிடந்த மண்ணடுக்கே தவறாகக் கொள்ளப்பட்டது.

இன்றைய குதிரையின் தாயகம்

இன்றைய வளர்ப்புக் குதிரையின் மூதாதை எங்கே தோன்றியது என்ற வினாவிற்கு 2021-ஆம் ஆண்டில் ஓரளவு தெளிவான விடை கிடைத்தது. லுடோவிக் ஓர்லாண்டோ என்னும் பிரெஞ்சு அறிஞரும் பல நாட்டு ஆராய்ச்சியாளரும் 273 பண்டைக் குதிரைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டனர். வால்கா, தான் ஆகிய ஆறுகளின் கீழ்ப்பகுதியைச் சார்ந்த புல்வெளியே அத்தாயகம் என்று அவர்கள் முடிவு கூறினர். அங்கிருந்து கி. மு. 2000-ஐ ஒட்டி ஒரே இனக் குதிரை விரைந்து பரவி, சில நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்த ஏனைய குதிரை இனங்களின் இடத்தைப் பிடித்தது. அவ்வினத்தில் இரண்டு மரபணுக்கள் சிறப்பாகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தன. ஒன்று முதுகெலும்பின் வலிமையோடும், மற்றொன்று அச்சமின்றி அமைதியாக இருக்கும் இயல்போடும் தொடர்புடையவை என்று கருதப்படுகின்றன. சுமை தாங்கவும் பழக்கத்திற்கு இணங்கவும் வேண்டிய பண்புகள் இவையே.

2024-இல் அதே குழுவினர் 475 பண்டைக் குதிரைகளைக் கொண்டு ஆய்வினை விரிவாக்கினர். கி. மு. 2200-ஐ ஒட்டிக் குதிரையின் தலைமுறை இடைவெளி திடீரெனக் குறைந்ததை அவ்வாய்வு காட்டியது. குட்டிகள் விரைவில் வேண்டும் என்பதற்காக மனிதர் இனப்பெருக்கத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. குதிரைக்கு அப்போது பெருந்தேவை ஏற்பட்டது என்பது இதனால் விளங்கும்.

சக்கரத்தின் கதை

சக்கரம் குதிரையை எதிர்நோக்கிப் பிறந்ததன்று. போலந்து நாட்டில் பிரோனோசித்சே என்னும் இடத்தில் கிடைத்த பானையொன்றில் நான்கு சக்கர வண்டியின் உருவம் கீறப்பட்டுள்ளது. அதன் காலம் கி. மு. 3500 அளவு. ஸ்லோவேனியாவின் தலைநகரை அடுத்த சதுப்பு நிலத்தில் 2002-இல் கிடைத்த மரச் சக்கரம் ஏறத்தாழ 5,150 ஆண்டுப் பழமையுடையது. நீர் தோய்ந்த மண்ணில் காற்றுப் புகாமையால் அது மக்காமல் தப்பியது. இச்சக்கரங்கள் பலகைகளை இணைத்துச் செய்த குண்டுச் சக்கரங்கள். ஆரக்கால் அற்றவை, கனம் மிக்கவை. அவற்றை இழுக்க எருதின் வலிமையும் எருதின் பொறுமையும் வேண்டும்.

மெசொப்பொத்தேமியாவில் ஊர் நகரத்துக் கல்லறையில் கிடைத்த, கி. மு. 2500-ஐ ஒட்டிய சித்திரப் பலகையில் நான்கு குண்டுச் சக்கரங்கள் பூண்ட போர் வண்டிகள் காணப்படுகின்றன. அவற்றை இழுப்பவை குதிரைகள் அல்ல. சுமேரியர் ‘குங்கா’ என்றழைத்த கலப்பின விலங்குகள் அவை என்பர். பெண் கழுதைக்கும் ஆண் ஸிரியக் காட்டுக் கழுதைக்கும் பிறந்தவையே அக்கலப்பினம் என்பதை 2022-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. குதிரை வருவதற்கு முன்னரே போர் வண்டி இருந்தது என்பதற்கு இது சான்று.

குண்டுச் சக்கரத்திற்கும் ஆரக்கால் சக்கரத்திற்கும் உள்ள வேறுபாடு வெறும் அழகு பற்றியதன்று. கனமான சக்கரத்தை நிலையிலிருந்து சுழலச் செய்யவும், சுழல்வதை நிறுத்தவும் மிகுந்த விசை வேண்டும். குடம், ஆரக்கால், வட்டை என மூன்று பகுதிகளாகச் சக்கரத்தைப் பிரித்தால், வலிமையைக் குறையாமல் வைத்துக்கொண்டு எடையைப் பெரிதும் குறைக்கலாம். ஆனால், வேலை கடினமானது. குடத்தில் துளைகள் ஒரே இடைவெளியில் அமைய வேண்டும். ஆரக்கால்கள் யாவும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். மரத்தை ஆவியிலோ நீரிலோ பதப்படுத்தி வளைக்க வேண்டும். ஒன்று பிசகினால் சக்கரம் வட்டமாக ஓடாது. பழைய எகிப்தியத் தேரினைப் பின்பற்றி ஸ்ப்ருய்த் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் செய்து பார்த்த தேர், சுமார் 34 கிலோகிராம் எடையே இருந்தது.

தேர் என்றவுடன் தமிழ்நாட்டு மாணவர் மனத்தில் எழுவது கோயில் தேராகும். அது நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்திழுக்கும் பெருங்கட்டடம். ஈண்டுக் கூறப்படும் தேரோ இரு சக்கரமும், இருவர் நிற்கத்தக்க தட்டும், இரு குதிரையும் உடைய இலேசான ஊர்தி. ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெளிவாக்குதல் நன்று.

சிந்தாஷ்டாக் கல்லறைகள்

இத்தகைய இலேசான ஊர்தியின் மிகப் பழைய தடயங்கள் ருஷ்யாவில், யூரல் மலைகளுக்குத் தென்கிழக்கே, சிந்தாஷ்டா என்னும் ஆற்றங்கரையிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் கிடைத்தன. 1970-களில் அங்கு நடந்த அகழாய்வில், அரண் சூழ்ந்த ஒரு குடியிருப்பும், செம்பு உருக்கிய தடயங்களும், அறைகள் போன்று தோண்டிய கல்லறைகளும் வெளிப்பட்டன. அவற்றின் காலம் ஏறத்தாழ கி. மு. 2100 முதல் 1800 வரை.

கல்லறைகள் சிலவற்றில் இறந்தவரோடு தேரையும் வைத்திருந்தனர். தேர் அசையாதிருக்க, சக்கரங்களின் அடிப்பகுதி பொருந்துமாறு தரையில் இரு குறுகிய பள்ளங்களை வெட்டியிருந்தனர். 4,000 ஆண்டுகளில் மரம் முழுவதும் மக்கிப் போயிற்று. ஆனால், பள்ளங்களுக்குள் இறங்கியிருந்த பகுதி மட்டும் மண்ணில் கறையாகப் பதிந்து நின்றது. வட்டையின் வளைவும் ஆரக்கால்களின் கோடுகளும் அக்கறையில் தெரிந்தன. ஒரு சக்கரத்திற்கு 8 முதல் 12 ஆரக்கால்கள் இருந்தன எனக் கணக்கிடப்பட்டது. உடன் இருந்தவை குதிரைகளின் தலைகளும் கால்களும், கடிவாளத்தின் இரு புறமும் கன்னத்தையொட்டி நிற்கும் எலும்பாலான வில்லைகளும், அம்பு முனைகளுமாகும். வில்லைகளின் உட்புறத்தில் கூரிய முளைகள் இருந்தன. வாரைச் சுண்டினால் முளை கன்னத்தில் அழுந்தும். விரைந்தோடும் குதிரையைத் திருப்ப அது உதவும்.

இக்கண்டுபிடிப்பை அறிஞர் எல்லாரும் ஒரே வகையாக ஏற்றுக்கொண்டிலர். பண்டை ஊர்திகளைப் பற்றிய ஆய்வில் பெயர் பெற்ற லிட்டவர், குரோவெல் ஆகிய இருவரும் 1996-இல் எழுதிய கட்டுரையொன்றில், சிந்தாஷ்டா ஊர்தி உண்மையான போர்த் தேராக இயங்கியிருக்க முடியாது என்றும், தேர் மேற்கு ஆசியாவிலேயே குண்டுச் சக்கர வண்டியிலிருந்து படிப்படியாக உருவாயிற்று என்றும் வாதிட்டனர். துருக்கியில் கூல்தெப்பே என்னுமிடத்தில் கிடைத்த, கி. மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் தொடக்கத்துக்குரிய முத்திரைப் பதிவுகளில், நான்கு ஆரக்கால் சக்கரம் பூண்ட ஊர்திகள் உண்டு. அங்கு விலங்கின் வாயில் கடிவாளம் இல்லை. எருதுக்குப் போல மூக்கு வளையத்தில் கயிறு கட்டப்பட்டிருந்தது. மரபணு ஆய்வின் முடிவுகள் வெளியான பின்னர், குதிரையும் அதனை ஓட்டும் கலையும் புல்வெளியிலிருந்து தெற்கே வந்தன என்னும் கருத்தே வலுப்பெற்றுள்ளது. ஊர்தியின் வடிவத்தில் மேற்கு ஆசியத் தச்சரின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆராயப்படுகிறது.

அரசவைகளில் தேர்

கி. மு. 18-ஆம் நூற்றாண்டில் யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையிலிருந்த மாரி நகரத்து மன்னர் ஸிம்ரி லிம் என்பாருக்கு அதிகாரி ஒருவர் எழுதிய களிமண் மடல் கிடைத்துள்ளது. மன்னர் குதிரைமேல் ஏறிச் செல்வது அவரது தகுதிக்கு ஒவ்வாது என்றும், கோவேறு கழுதைகளையே கொள்ள வேண்டும் என்றும் அதில் அறிவுரை கூறப்பட்டுள்ளது. அக்காலத்தில் குதிரை அயல்நாட்டு விலங்காகவே கருதப்பட்டது. சுமேரியர் அதற்கு இட்ட பெயரே ‘மலைக் கழுதை’ என்னும் பொருளுடையது.

நானூறு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. கி. மு. 14-ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னருக்கும் ஏனைய பேரரசருக்கும் இடையே எழுதப்பட்ட அமர்னா மடல்களில், மன்னரின் மனை, மக்கள் ஆகியோரின் நலத்தோடு குதிரைகளின் நலமும் தேர்களின் நலமும் விசாரிக்கப்படுகின்றன. 1922-இல் திறக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் ஆறு தேர்கள் இருந்தன. கி. மு. 1274-ஐ ஒட்டி ஸிரியாவில் காதேஷ் என்னுமிடத்தில் எகிப்தியரும் ஹிட்டைட்டுகளும் மோதினர். முதலில் தம்மேற் பாய்ந்த பகைவர் தேர்கள் 2,500 என்று எகிப்தியச் சாசனம் கூறுகிறது. வெற்றி தமதே என்று கூறிக்கொண்டோர் தம் பெருமை தோன்ற எழுதிய எண் ஆதலால் அதனை அப்படியே கொள்ளுதல் இயலாது; எனினும் தேர்ப்படையின் முதன்மை அதனால் புலனாகும்.

தேர் எவ்வாறு பரவிற்று என்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கிக்குலி என்பவரின் நூலாகும். ஹிட்டைட் தலைநகராகிய ஹத்துசாவின் இடிபாடுகளிற் கிடைத்த களிமண் பலகைகளில் அது எழுதப்பட்டுள்ளது. கிக்குலி என்பவர் மிட்டன்னி நாட்டுக் குதிரைப் பயிற்சியாளர் என்று நூலின் தொடக்கமே கூறுகிறது. எந்நாளில் எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும், எப்போது நீர் காட்ட வேண்டும், எப்போது ஆற்றில் குளிப்பாட்ட வேண்டும், எவ்வளவு தீனி அளக்க வேண்டும் என்பவையெல்லாம் அதில் நாள்வாரியாக வகுக்கப்பட்டுள்ளன. நூல் ஹிட்டைட் மொழியில் அமைந்தது. ஆனால், ஓட்டச் சுற்றுகளைக் குறிக்கும் சொற்கள் ‘ஐக வர்த்தன’, ‘தேர வர்த்தன’, ‘பன்ஸ வர்த்தன’ என்றவாறு வருகின்றன. ஒன்று, மூன்று, ஐந்து என்பவற்றைக் குறிக்கும் ஏக, த்ரி, பஞ்ச என்னும் வடசொற்களோடு இவற்றின் உறவு வெளிப்படை. தேரோடு பயிற்சியாளரும், பயிற்சியாளரோடு அவர்தம் தொழிற்சொற்களும் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் சென்றமை இதனால் விளங்கும். ஒரு தொழில் பரவுவதற்கு ஓர் இனம் முழுவதும் குடிபெயர வேண்டும் என்பதில்லை. கொடை, வாணிகம், போர்ச் சிறை, கூலிக்கு அமர்த்திய வல்லுநர் ஆகியவற்றாலும் அது பரவும்.

கிழக்கே, சீனத்தில் கி. மு. 1200-ஐ ஒட்டி ஆன்யாங் நகரில் தேர்கள் குதிரைகளோடு புதைக்கப்பட்டன. அங்கும் எஞ்சியது மண் கறையே. சீனத்துத் தேர்களின் சக்கரங்களில் ஆரக்கால்கள் மிகுதி. அச்சு, தட்டின் நடுவே அமைந்திருந்தது. எகிப்தியத் தேரிலோ அச்சு தட்டின் பின்விளிம்பில் இருந்தது. கருத்து ஒன்றாயினும் ஒவ்வொரு நாட்டுத் தச்சரும் தம் நிலத்திற்கும் மரத்திற்கும் ஏற்ப அதனை மாற்றிக்கொண்டனர்.

இந்தியச் சான்றுகள்

ரிக் வேதத்தில் குதிரை, தேர், ஆரக்கால், குடம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் மிகப் பல. சிந்துவெளி நகரங்களில் கிடைத்த சுடுமண் வண்டிப் பொம்மைகளோ குண்டுச் சக்கரம் பூண்ட எருது வண்டிகளாகவே உள்ளன. இவ்விரு வகைச் சான்றுகளையும் இணைக்கும் முயற்சியில் இரண்டு கண்டுபிடிப்புகள் அடிக்கடி பேசப்படுகின்றன.

முதலாவது, மகாராஷ்டிரத்தில் பிரவரை ஆற்றங்கரையிலுள்ள தைமாபாத்தில் 1974-இல் கிடைத்த வெண்கல உருவம். இரண்டு எருதுகள் இழுக்கும் ஊர்தியில் ஒருவன் நிற்பதாக அது அமைந்துள்ளது. சக்கரங்கள் குண்டுச் சக்கரங்கள். அதனோடு யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய வெண்கல உருவங்களும் இருந்தன. கலைத்திறனில் இணையற்ற இப்பொருள்கள், முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல. ஊர் மக்கள் செடியின் வேரைத் தோண்டியபோது தற்செயலாக வெளிப்பட்டவை. எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருளோடு கிடந்தன என்ற குறிப்பு இல்லாமையால், அவற்றின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை நீடிக்கிறது.

இரண்டாவது, உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்திலுள்ள சினௌலி. உழவு வேலையின்போது எலும்புகள் தென்பட்டதால், அங்கு 2005-ஆம் ஆண்டில் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையினர் அகழாய்வு தொடங்கி, 116 கல்லறைகளைக் கண்டனர். 2018-இல் மீண்டும் அகழ்ந்தபோது, மரச் சவப்பெட்டிகளோடு மூன்று இரு சக்கர ஊர்திகள் வெளிப்பட்டன. கி. மு. 2000-ஐ ஒட்டிய காலத்தவை என மதிப்பிடப்படும் இவற்றின் சக்கரங்கள் குண்டுச் சக்கரங்கள். முக்கோணச் செப்புத் தகடுகள் அவற்றின் மேல் பதிக்கப்பட்டுள்ளன. மரம் மக்கிய பின்னும் செப்புத் தகடுகள் தத்தம் இடத்திலேயே நின்றமையால் சக்கரத்தின் வடிவம் தெரிந்தது. இவற்றைப் போர்த் தேர் என்பாரும் உளர். எருது வண்டி என்பாரும் உளர். கல்லறைகளில் குதிரை எலும்பு கிடைக்கவில்லை. இழுத்த விலங்கு எது என்பதைத் தகட்டின் அழகினைக் கொண்டு துணிய முடியாது. எனினும், தகடுகள் இருந்தவாறே பதிவு செய்யப்பட்டமையால், இவ்வாதம் சான்றின்மேல் நடைபெறுகிறது. தைமாபாத்தைப் போல ஊகத்தின்மேல் நடைபெறவில்லை.

தேரின் இறக்கம்

தேர் மிகுந்த செலவுடையது. சமநிலத்தில் மட்டுமே பயன்படுவது. குதிரைமேல் ஏறிப் போரிடும் கலை வளர்ந்தபோது அதன் சிறப்புக் குறைந்தது. கி. மு. 9-ஆம் நூற்றாண்டு அசீரியச் சிற்பங்களில் இம்மாற்றத்தைக் காணலாம். அவற்றில் இரு வீரர் இரு குதிரைகள்மேல் இணைந்து செல்கின்றனர். ஒருவன் இரு குதிரைகளின் வாரையும் பிடித்திருக்க, மற்றவன் அம்பு எய்கிறான். தேரில் நின்ற பாகனும் வில்லாளியும், தேரை விட்டுக் குதிரை முதுகிற்கு ஏறிவிட்டாற் போன்ற காட்சி அது. இந்தியாவில் நால்வகைப் படைகளுள் ஒன்றாகத் தேர் நெடுங்காலம் நிலைத்தது. கி. மு. 326-இல் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸ் மன்னரின் தேர்கள், மழையால் சேறாகிய நிலத்தில் இயங்க முடியாமல் தடைப்பட்டன. பிற்காலத்தில் தேர் போர்க்களத்தை விட்டு விழாவிற்கும் ஊர்வலத்திற்கும் உரியதாயிற்று.

களத்திலும் வகுப்பிலும்

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். சிந்தாஷ்டாவிலும் ஆன்யாங்கிலும் தேர் என்பது கையால் எடுக்கத்தக்க பொருளாகக் கிடைக்கவில்லை. நிறம் மாறிய மண்ணாகவே கிடைத்தது. மண்வெட்டி ஒரு முறை ஆழப் பதிந்திருந்தால் அத்தேர் இல்லை. சீன அறிஞர் ஷியா நாய் 1950-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹூயி சியான் என்னுமிடத்தில் பிற்காலத் தேர்களின் மண் கறையைச் சிறு கருவிகளால் சுரண்டிச் சுரண்டி முழு வடிவையும் வெளிக்கொணர்ந்தார். அவர் இளமையில் இங்கிலாந்தில் மார்ட்டிமர் வீலரின் அகழாய்வில் பயின்றவர். அதே வீலரே 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையின் தலைவராக இருந்து, மண்ணடுக்குகளை முறையாகப் பிரித்தறியும் பழக்கத்தை இந்நாட்டு மாணவர்க்குக் கற்பித்தார்.

கால்வாய், சாலை, கட்டட அடித்தளம் ஆகியவற்றிற்காக மண் தோண்டும் இடங்களில் பணிபுரிவோர் பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். எலும்போ செப்போ மட்கலமோ தென்பட்டால், அதனை உடனே பெயர்த்தெடுத்தல் கூடாது. அதனைச் சுற்றியுள்ள மண்ணின் நிறம் மாறியிருக்கிறதா என்று நோக்க வேண்டும். தோண்டிய சுவரின் முகத்தைச் செதுக்கிச் சமன் செய்தால், மேலிருந்து இறங்கிய குழிகளின் விளிம்பு தெரியும். இருந்த இடத்தை அளந்து குறித்து, நிழற்படம் எடுத்து, வேலையை அவ்விடத்தில் நிறுத்தி, மாவட்ட ஆட்சித் தலைவருக்கும் தொல்பொருள் ஆராய்ச்சித் துறைக்கும் அறிவிக்க வேண்டும். மண்ணுள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தோர் ஆட்சித் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டமே விதிக்கிறது.

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கற்பிக்கும்போது, ‘தேரை முதலிற் கண்டவர் யார்?’ என்று வினவுவதினும், ‘இது தேர் என்பதற்கு என்ன சான்று?’ என்று வினவுதல் சிறந்தது. முதல் வினா மாணவரை நாட்டுப் பெருமைக்கும் இனப் பெருமைக்கும் எளிதில் இழுத்துச் செல்லும். இரண்டாவது வினா அவர்களைச் சக்கரத்தின் அமைப்பு, விலங்கின் எலும்பு, மண்ணடுக்கு, கால அளவீடு ஆகிய நான்கினையும் தனித்தனியே நோக்கச் செய்யும். ஊரிலுள்ள வண்டித் தச்சரின் பட்டறைக்கு மாணவரை அழைத்துச் சென்று, குடத்தில் ஆரக்கால் இறங்குவதையும், வட்டைத் துண்டுகள் பொருந்துவதையும் காட்டினால், சிந்தாஷ்டாத் தச்சர் செய்த வேலையின் அருமை சொல்லாமலே விளங்கும். பட்டறைகள் பல ஊர்களில் மறைந்து வருகின்றன. எஞ்சியுள்ள தச்சரிடம் அளவுகளையும் தொழிற்சொற்களையும் கேட்டுக் குறித்து வைப்பதும் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டேயாகும்.